விடுப்பில் இருப்பவர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மதலேனா கலைக் கல்லூரி இருந்தது. மூன்று மாடிக் கட்டடம். கீழே அலுவலகமும் நூலகமும், மேலே வகுப்பறைகள். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். விரிவுரையாளர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

சுற்றிவர இருந்த தனியார் நிறுவனங்கள் எல்லாம் கணக்கியலும் கணினியும் படிப்பித்தன. மதலேனாவில் வரலாறு, இலக்கியம், மெய்யியல், சமூகவியல். வெளிநாட்டில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்துவிட்டு யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த அன்ரன் சவுந்தரநாயகம், தன் தாயின் பெயரில் அதைத் தொடங்கியிருந்தார். வேலை எடுத்துத் தராத படிப்பென்று சொன்னவர்களிடம், "வேலை செய்யத் தெரிஞ்சவை நிறையப் பேர் இருக்கினம். யோசிக்கத் தெரிஞ்சவை எத்தனை பேர்?" என்று கேட்பார். எழுபது வயதாகியும் வாரத்தில் மூன்று நாள் தானே வகுப்பெடுத்தார்.

பட்டம் இங்கிலாந்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தினுடையது. அவர்கள் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானது ஒன்று: கல்லூரியில் எப்போதும் குறைந்தது நூற்றியிருபது மாணவர்கள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று புள்ளிவிபர அறிக்கை போக வேண்டும். அதைத் தயாரித்துக் கையெழுத்திடுவது பதிவாளர் பிறிஜெற். பணிப்பாளரான சவுந்தரநாயகம் அதன் கீழே ஒப்பமிடுவார்.

பிறிஜெற் கொட்டாஞ்சேனைக்காரி. வாசலில் இருந்து தொலைபேசி எடுப்பதற்காக வந்து, ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொண்டு பதிவாளரானவள். காலையில் புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வருவாள். மாணவர் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பாள். பரீட்சைக்கு முன் பயந்து அழுகிறவர்களும் அவளுடைய மேசைக்குத்தான் வருவார்கள்.

பெற்றோல் வரிசைகளும் மின்வெட்டும் நடந்த வருடத்தில் மாணவர்கள் போகத் தொடங்கினார்கள். ஒருத்தி குடும்பத்தோடு கனடாவுக்கு. ஒருவன் டோஹாவில் ஹோட்டல் வேலைக்கு. அவன் மட்டும், "ஒரு வருசத்தில திரும்பி வருவன் மிஸ், என்ர இடத்தை வச்சிருங்கோ" என்று சொல்லிப் போனான். அறிக்கையில் 'தற்காலிக விடுப்பு' என்றொரு நிரல் இருந்தது. நோயாளிகளுக்கும் பிள்ளை பெறுகிறவர்களுக்கும் ஆனது. அதில் இருப்பவர்களும் மாணவர்களாகவே எண்ணப்படுவார்கள். டோஹா போனவனை பிறிஜெற் அதில் போட்டாள். அது பொய் அல்ல.

அடுத்தது கனடா போனவள். "அவளையும் அதிலயே போடும் பிறிஜெற்," என்றார் சவுந்தரநாயகம். "நாடு சரிவந்தால் ஆர் கண்டது?"

பிறகு ஒவ்வொருவராக அந்த நிரலுக்குள் போனார்கள். திரும்பி வருவதாக ஒருவரும் சொல்லவில்லை.

மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருடக் கடைசியில் அவளுடைய கணவன் ஹியூபேட், துறைமுகத்தில் பாரந்தூக்கியின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடந்தான். தூக்கி இருத்தவும் படுக்க வைக்கவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் கேட்பதற்கு முன்பே சவுந்தரநாயகம் சொன்னார்: "நீர் வீட்டில இரும். ஏலுமான நாளில வந்தால் போதும். சம்பளம் வரும்." ஹியூபேட் ஊன்றுகோலோடு எழுந்து நடக்கும்வரை சம்பளம் வந்தது. கல்லூரிக்கே வருமானம் குறைந்திருந்த காலம். அவர் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்து கதைத்ததில்லை. கதைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதே காலத்தில்தான் நிக்கலஸ் செத்துப்போனான்.

நிக்கலஸ் அவளுடைய பங்குப் பிள்ளை, அதே தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வருகிறவன். தாய் மாக்ரெட் துறைமுகத்து ஆட்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறவள். தகப்பன் எப்போதோ இல்லாமல் போயிருந்தான். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பேலியகொடை மீன் சந்தையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவனை, "வாசிக்கிற பிள்ளை, எங்கட இடத்துக்கு அனுப்பும்" என்று மாக்ரெட்டிடம் கேட்டுக் கல்லூரிக்குக் கூட்டிவந்தது பிறிஜெற்தான். இரண்டாம் வருடத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. கல்லூரியின் மலர் வளையத்தை பிறிஜெற் கொண்டுபோய் வைத்தாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் அறிக்கை போக வேண்டியிருந்தது. சவுந்தரநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த முறை மட்டும் விடுப்பில இருக்கட்டும். அடுத்த முறை எடுத்துவிடுவம்."

அடுத்த முறையும் எண்ணிக்கை போதவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே. நூற்றியிருபத்தொன்று என்று அறிக்கை சொன்னது. வகுப்பறைகளில் இருந்தவர்கள் நூற்றிநான்கு பேர்.

*

ஒரு நாள் மூன்றாம் வருட மாணவி றமீலா அலுவலகத்துக்கு வந்தாள். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்குப் புலமைப்பரிசிலோடு இடம் கொடுத்திருந்தது. இங்கே படித்த இரண்டு வருடத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். கோலாலம்பூரில் மாமா வீட்டில் தங்கலாம். மதலேனாவிலிருந்து விலகிவிட்டாள் என்று ஒரு கடிதமும் புள்ளிப் பட்டியலும்தான் தேவை.

"ரெண்டு நாள்ல எடுக்கலாமா மிஸ்?"

"ஓம், ஏன் ஏலாது," என்றாள் பிறிஜெற். உண்மையாகவே சந்தோசப்பட்டாள். கடிதத்தைத் தட்டச்சு செய்து பணிப்பாளரிடம் கொண்டுபோனாள்.

சவுந்தரநாயகம் வாசித்துவிட்டு அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். "வாற மாதம் பல்கலைக்கழகத்தில இருந்து ஆள் வருது. அது முடியட்டும்."

"சேர், அந்தப் பிள்ளைக்கு அவசரம்."

"முடியட்டும் எண்டு சொன்னனே."

றமீலா ஒவ்வொரு நாளும் வந்தாள். "லெட்டர் ரெடியா ஈக்கா மிஸ்?" கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று ஒரு நாள். சேர் வரவில்லை என்று இன்னொரு நாள். முத்திரையில் ஏதோ பிழை என்று பிறகு ஒரு நாள். பொய்கள் தீர்ந்து போனதும், றமீலா படியிறங்கி வரும் சத்தம் கேட்டால் பிறிஜெற் நூலகத்துக்குள் போய் நின்றுகொண்டாள். புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்று, தன் பெயரை அந்தப் பிள்ளை விசாரிப்பதைக் கேட்டாள். வரவு குறைவென்று காட்டி மறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் றமீலா ஒரு வகுப்பையும் தவறவிடாமல் வந்துகொண்டிருந்தாள் என்பது பிறிஜெற்றுக்குத் தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது மாக்ரெட் அவளுடைய கையைப் பிடித்து ஒதுக்கிக் கூட்டிப்போனாள். முகம் என்றுமில்லாமல் தெளிந்திருந்தது.

"பிறிஜெற், லண்டன்ல இருந்து ஒரு வெள்ளைக்கார நோனா கோல் எடுத்தா."

"ஆருக்கு?"

"நிக்கலஸுக்கு. அவன்ர போனை நான் இன்னும் சார்ஜ் பண்ணித்தான் வச்சிருக்கிறன். நிக்கலஸ் இருக்கிறாரா எண்டு கேட்டா. யுனிவர்சிட்டியாம். படிக்கத் திரும்பி வருவாரா எண்டு கேட்டா. கம் பேக், கம் பேக் எண்டு ரெண்டு தரம் சொன்னா, எனக்கு விளங்கட்டும் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"யெஸ் எண்டன்." மாக்ரெட் சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "பிழையோ? மகன் செத்துப்போனான், மகன் செத்துப்போனான் எண்டு ஆர் கேட்டாலும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. இந்த நோனா உயிரோட இருக்கிறவனைக் கேக்கிற மாதிரிக் கேட்டா. என்ர வாய் தானா யெஸ் எண்டிட்டுது."

"பிழை இல்லை அக்கா."

"அப்ப அவன்ர பேர் இன்னும் அங்க இருக்குத்தானே?"

பிறிஜெற் ஓம் என்று தலையசைத்தாள்.

"எடுத்துப்போடாதயும் என்ன. அது இருக்கட்டும்."

கோயில் வளவில் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மாக்ரெட் மெழுகுதிரி கொளுத்தப் போனாள். கல்லூரியில் வைத்துச் சொல்லப்பட்ட பொய் தன் பங்குக் கோயில் வாசலுக்கே வந்துவிட்டதையும், அதை ஒருத்தி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருப்பதையும் பார்த்துக்கொண்டு பிறிஜெற் நின்றாள். இப்போது அதை எப்படி எடுப்பது?

*

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் அதிகாரி. கனிவாகக் கதைத்தார். வகுப்புகளைப் பார்த்தார், நூலகத்தைப் பார்த்தார், மாணவர்களோடு இருந்து பணிஸ் சாப்பிட்டார். பிறகு பணிப்பாளரின் அறையில் மூவரும் இருந்தார்கள்.

"உங்கள் புள்ளிவிபரங்கள் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கின்றன," என்றார் அவர் ஆங்கிலத்தில். "இந்த நகரத்தில் எங்கள் மற்றக் கல்லூரிகள் எல்லாம் மாணவர்களில் மூன்றிலொரு பங்கை இழந்துவிட்டன. நீங்கள் கிட்டத்தட்ட ஒருவரையும் இழக்கவில்லை. எப்படி?"

"நாங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிவோம்," என்றார் சவுந்தரநாயகம்.

"விடுப்பில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களை நாங்களே தொலைபேசியில் அழைத்துப் பார்த்தோம். பல எண்கள் வேலை செய்யவில்லை. ஒரு தாய் பேசினார். மகன் கட்டாயம் திரும்பி வருவார் என்றார். அந்தக் குரல் என் உதவியாளரை உருக்கிவிட்டது." அவர் குறிப்பைப் பார்த்தார். "நிக்கலஸ். நோய் காரணமாக விடுப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. அவருடைய வீடு இங்கே நகரத்துக்குள்தானே? இன்று பின்னேரம் எனக்கு நேரம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறேன்."

சவுந்தரநாயகத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அந்தப் பெயர் யாரென்று நினைவு வந்ததா இல்லையா என்றுகூட பிறிஜெற்றால் சொல்ல முடியவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பிறிஜெற்றின் பங்குப் பிள்ளை. அவளைக் கேளுங்கள்."

மாக்ரெட் கதவைத் திறப்பதை பிறிஜெற் மனதில் கண்டாள். சோற்றுப் பானையின் ஆவி பட்டு நனைந்த முகத்தோடு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இந்த வெள்ளைக்காரப் பெண்ணை உள்ளே வரச் சொல்வாள். இருக்கக் கதிரை கொடுப்பாள். மகனைக் கேட்டதும் சுவரில் இருக்கும் படத்தைத் திரும்பிப் பார்ப்பாள்.

"அங்கே போக வேண்டாம் மேடம்," என்றாள் பிறிஜெற். "நிக்கலஸ் போன வருடம் இறந்துவிட்டான்."

ரயில் ஒன்று வந்தது. ஜன்னல்கள் அதிர்ந்து அடங்கும்வரை ஒருவரும் கதைக்கவில்லை.

சவுந்தரநாயகம்தான் முதலில் பேசினார். தலையைத் தாழ்த்தி, மெதுவாக, மிகவும் அழகான ஆங்கிலத்தில். "இது எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த தவறு. அதற்கு நான் பொறுப்பு. அந்த நேரத்தில் எங்கள் பதிவாளரின் கணவருக்குப் பெரிய விபத்து. மாதக்கணக்காக அவரால் ஒழுங்காக வர முடியவில்லை. நான் அவரை வீட்டில் இருக்கச் சொன்னேன். அவருடைய வேலையை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை."

அதில் ஒவ்வொரு வசனமும் உண்மை. அந்த அதிகாரி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவளுடைய கையைப் பிடித்தார். "என்ன பாடுபட்டிருப்பீர்கள்," என்றார். "கணவர் இப்போது எப்படி?"

"சுகம்," என்றாள் அவள். விடுப்பு நிரலின் மீதிப் பதினாறு பேரும் தொண்டைக்குள் நின்றார்கள்.

அதிகாரி கணக்கைத் திருத்தினார். நூற்றியிருபது. "சரியாகக் கோட்டில் நிற்கிறீர்கள். மார்ச் மாத அறிக்கையில் இதற்குக் கீழே போனால் ஒப்பந்தத்தை நீடிக்க என்னால் முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்."

அவர் போன பிறகு சவுந்தரநாயகம் கோபிக்கவில்லை. "நீர் செய்தது சரி," என்றார். "அந்தத் தாயை நான் யோசிக்கேல்ல. ஆனால் இனி ஒருத்தரும் போகேலாது. விளங்குதே? அந்த முஸ்லிம் பிள்ளையும்தான். மார்ச் வரைக்கும் பொறுக்கச் சொல்லும்."

"சேர், அங்க அவளுக்கு ஜனவரியில வகுப்புத் தொடங்குது."

"பிறிஜெற்," என்றார் அவர், களைத்த குரலில். "ஒரு பிள்ளை. மற்றப் பக்கம் நூறு பிள்ளையள். நான் என்ன செய்ய?"

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பிறிஜெற் மாக்ரெட் வீட்டில் இறங்கினாள். வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரியவரக்கூடாது. நடந்ததைச் சொன்னாள். மாக்ரெட் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு முடியும்வரை கத்தியை வைக்கவில்லை.

"நான் உம்மட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு," என்றாள்.

"அவ இங்க வரப் பார்த்தா அக்கா."

"வந்திருக்கட்டுமே. வந்தா நான் சொல்லியிருப்பன். என்ர பிள்ளை செத்ததை நான் சொல்லியிருப்பன், நீர் ஏன் சொன்னனீர்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாக்ரெட் விடியப் பூசைக்கு மாறிவிட்டாள்.

*

டிசம்பர் பிறந்தது. காலி வீதிக் கடைகளில் நத்தார் சோடனை தொங்கியது. றமீலா இப்போது கேட்பதற்கு வரவில்லை. மேசைக்கு முன்னால் வந்து சும்மா நின்றாள்.

"நான் ஒங்களுக்கு என்ன செஞ்ச மிஸ்?"

"ஒண்டும் செய்யேல்ல பிள்ளை."

"அப்ப ஏன் என்ன மட்டும் புடிச்சி வச்சிருக்கிற? ஃபஸ்ட் இயர்ல, பயந்து அழுதப்ப நீங்க தானே சென்ன, படிச்சி தூரம் போகணும்னு. இப்ப போகப் போற நேரம் உடுறீங்க இல்ல. உம்மா செல்றாங்க, நான் ஏதோ குத்தம் செஞ்சிருக்கேன், அதான் லெட்டர் தர மாட்டாங்களாம். என்ட உம்மாவே அப்படி நெனக்கிறாங்க மிஸ்."

பிறிஜெற் அவளை இருக்கச் சொன்னாள். அவள் இருக்கவில்லை.

அன்று வீட்டில் ஹியூபேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அந்த மனிசன் எங்களுக்குச் செய்ததை மறந்திட்டியோ?" என்றான்.

"மறக்கேலாமத்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்."

"வேலை போனா?"

"போகட்டும்."

"உன்ர கையெழுத்துத்தானே எல்லாத்திலயும் இருக்கு. வேலை மட்டுமோ போகும்?"

அதை அவள் யோசிக்காத நாள் இல்லை. ஒன்றைத் திறந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து விழும். விழுந்தால் தன் தலையில்தான் முதலில் விழும். திறக்காமல் இருந்தாலோ ஒவ்வொரு ஆறு மாதமும் இன்னும் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டும். உள்ளே நிற்கவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. ஹியூபேட்டும் அதைத்தான் சொன்னான், தனக்குத் தெரிந்த விதத்தில்.

அடுத்த நாள் காலை அவள் கடிதத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்தாள். விலகல் கடிதத்துக்குப் பதிவாளரின் கையெழுத்தே போதும். பணிப்பாளரிடம் காட்டுவது வழக்கமே தவிர விதி அல்ல. முத்திரையும் அவளிடம்தான் இருந்தது. தொடக்கத்திலிருந்தே இதைச் செய்யத் தடையாக இருந்தது அவளுடைய பயம் ஒன்றுதான் என்பது முத்திரையைக் குத்தும்போது அவளுக்கு விளங்கியது. மேல் வகுப்புக்குப் போய், வாசலில் நின்று றமீலாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

றமீலா படிக்கட்டில் நின்று அதை வாசித்தாள். தன் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தாள். புள்ளிப் பட்டியலைப் புரட்டினாள். நாலு வரிக் கடிதம்.

"இவ்ளோதானா மிஸ்?" என்றாள். நன்றி சொல்லவில்லை. பையை எடுக்க உள்ளே போனாள், அதே வேகத்தில் வெளியே வந்தாள். ஒழுங்கையில் அவள் கிட்டத்தட்ட ஓடிப்போவதை பிறிஜெற் படிக்கட்டு ஜன்னலால் பார்த்தாள்.

*

மார்ச் அறிக்கையை எடுத்துக்கொண்டு போனபோது சவுந்தரநாயகம் விரிவுரைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். றமீலா போனது அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஒரு பேர்தானே குறையுது," என்றார் நிமிராமல். "பழைய ஆக்களில ஒருத்தரை எடுத்துப் போடும்."

"சேர், நான் வகுப்பில இருக்கிற ஆக்களை மட்டும்தான் எழுதியிருக்கிறன்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். நூற்றிமூன்று என்றிருந்தது. விடுப்பு நிரலில் ஒருவரும் இல்லை. அவர் எதிர்பாராத விதமாகச் சிரித்தார்.

"நூற்றிமூன்று பிள்ளையள், இந்தக் கொழும்பில, இந்தக் காலத்தில, வரலாறும் மெய்யியலும் படிக்கினம். இது என்ன சின்ன விசயமோ? இதைக் கண்டு ஒருத்தரும் ஆச்சரியப்படேல்ல. நூற்றியிருபது எண்டு பொய் எழுதினாப் பிறகுதான் விமானம் ஏறி வந்து பாராட்டினவை."

பிறகு தாளை மேசையில் வைத்தார்.

"இதை அனுப்பினால் முந்தின அறிக்கையள் எல்லாம் பொய் எண்டு தெரியவரும். அதுகளில உம்மட கையெழுத்து இருக்கு."

"உங்கட கையெழுத்தும் இருக்கு சேர்."

"ஓம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு இதை அனுப்பச் சொல்லத் தைரியம் இல்லை பிறிஜெற். அனுப்பாதயும் எண்டு சொல்லவும் வாய் வரேல்ல. நான் தேத்தண்ணி குடிக்கப் போறன். நீர் உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்."

அவர் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் அவர் அவளுக்குச் செய்த கொடுமை இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. முடிவையும் அவளிடமே விட்டுவிட்டுப் போகிறார். மேலே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். வகுப்பு முடிந்து கதிரைகள் இழுபட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அனுப்பினாள்.

பதில் வருவதற்குச் சில கிழமைகள் எடுத்தன. அதுவரை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால்கூடப் பொலிஸ் என்று திடுக்கிட்டாள். ஆனால் வந்த தீர்ப்பு அப்படிப்பட்டதல்ல. இருவருக்கும் கடுமையான எச்சரிக்கை. ஒப்பந்தம் முடிந்தது, இனிப் புதிதாக ஒருவரையும் சேர்க்கக்கூடாது. இருக்கிறவர்கள் மட்டும் படித்து முடித்துப் பட்டம் பெறலாம். பதிவுகள் ஏற்கெனவே குழம்பியிருப்பதால், கடைசி மாணவர் முடிக்கும்வரை பதிவாளர் மாறக்கூடாது. மாறினால் அந்த ஏற்பாடும் இரத்தாகும்.

அவள் தன் வேலையை விட்டு விலகக் கடிதம் எழுதி வைத்திருந்தாள். பம்பலப்பிட்டியில் ஒரு மருந்துக் கம்பனி அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தாள். கம்பனிக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னாள்.

"இப்ப என்னப்பா, சந்தோசமோ?" என்று கேட்டான் ஹியூபேட். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"பொய் எழுதத் தேவையில்லை," என்றாள் அவள். "அவ்வளவுதான்."

*

இரண்டு வருடத்தில் கல்லூரி சுருங்கியது. முதலில் மூன்றாம் மாடியைப் பூட்டினார்கள். பிறகு விரிவுரையாளர்கள் ஒவ்வொருவராக வேறிடம் போனார்கள். போனவர்களின் பாடங்களையும் சவுந்தரநாயகம் தானே எடுத்தார். அவரும் பிறிஜெற்றும் ஒருவரையொருவர் குறைசொன்னதில்லை. பழையபடி கதைத்ததும் இல்லை. காலையில் இருவரும் வந்து, பின்னேரம் இருவரும் போனார்கள்.

ஒரு நாள் இரத்மலானையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். இரத்தினசிங்கம் என்று பெயர் சொன்னார். மகளுக்கு வரலாறு படிக்க விருப்பமாம். காலி வீதியில் பழைய பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"நாங்கள் இப்ப ஒருத்தரையும் எடுக்கிறேல்ல ஐயா," என்றாள் பிறிஜெற்.

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்ப ஏன் மிஸ் திறந்து வச்சிருக்கிறீங்க?"

"உள்ள இருக்கிறவை முடிக்கோணுமே."

படியிறங்கி வந்த சவுந்தரநாயகத்துக்கு அது கேட்டது. அவர் அந்தப் பெண்ணிடம் என்ன வாசித்திருக்கிறாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அது ஏன் பிடித்தது என்று கேட்டார். அவள் யோசித்துச் சொன்னாள். தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்க, இருவரும் விறாந்தையில் நின்றபடியே நெடுநேரம் கதைத்தார்கள். கடைசியில் அவர், "நல்ல இடமாப் பார்த்துச் சேரும் பிள்ளை" என்று சொல்லி வழியனுப்பினார்.

அவர்கள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவர் பிறிஜெற்றிடம் கேட்டார்.

"இண்டைக்கு எத்தனை பேர் வந்தவை?"

"பதினாலு பேர் சேர். ஒருத்தருக்குத் தடிமன், வரேல்ல."

"சரி," என்றார் அவர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மேலே வகுப்புக்கு ஏறிப்போனார்.